மைக்கைச் சொல்லுங்கள், சவுண்ட் கார்டைச் சொல்கிறேன்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய மலிவாக ஒரு சவுண்ட் கார்டு (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களிடம், அதில் எதைச் சொருகப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. பட்ஜெட் தயாராக இருக்கும். யூடியூபில் பார்த்த இரண்டு மாடல் பெயர்கள் இருக்கும். "192 இருக்கணும்ல?" என்ற கேள்வியும் இருக்கும். மைக்கை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற கதைதான்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான், நன்றாகப் பாடுவான். அறையில் கூட இருக்கிற பையன் மிருதங்கம்.

"மாமா, பத்தாயிரத்துக்குள்ள நல்லதா ஒரு கார்டு சொல்லுங்க."

"மைக் என்னடா?"

"சீனியர் ஒருத்தர் எஸ்எம்58 தரேன்னார்."

"மிருதங்கமும் கூடவேவா, தனியாவா?"

"கூடவேதான் மாமா. ஸ்வரம் பாடுறப்போ அவன் எதிர்ல இருந்தாத்தான் சரிப்படும்."

இந்த இரண்டு பதில்களிலேயே கடையில் இருக்கிற மாடல்களில் பாதி அடிபட்டுப் போயின. எப்படி என்று அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்களைத் தள்ளி வைத்துவிடலாம். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்தக் கார்டு நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளக்கிறது. அளக்கும் வேகத்தில் பாதி வரையிலான அதிர்வெண்ணைத்தான் இப்படிப் பிடிக்க முடியும். ஆக 192-இல் 96 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கலாம். மனிதக் காதுக்கு 20-க்கு மேல் கேட்காது, நாற்பது வயதைத் தாண்டினால் அதுவும் கிடையாது. 48-இல் ஓடும் கார்டே 24 வரை பிடித்துவிடும். வௌவால் கச்சேரி பதிவு செய்கிறவர்கள் 192 வாங்கட்டும். நமக்கு அது டிஸ்க்கை நிரப்பத்தான் உதவும்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் ஒரு நிமிடப் பதிவு சுமார் 8.6 எம்பி, 192-இல் அதைப்போல் நான்கு மடங்கு.

பிட் கணக்கும் அப்படித்தான். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் கிடைக்கும். 24 பிட்டுக்குக் காகிதக் கணக்கு 144. ஆனால் நல்ல கார்டுகளே 110, 120-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. இப்போது நம் அறைக்கு வாருங்கள். நள்ளிரவில் எல்லாம் அடங்கிய பிறகும் அறையில் 30 டெசிபல் அளவுக்கு ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சாண் தூரத்தில் பாடும் குரல் 80, 85 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி ஐம்பத்தைந்துதான். பகலில் ஃபேன் சுற்றும்போது அதிலும் பத்து பதினைந்து போய்விடும். 96-ஐயே நம்மால் நிரப்ப முடியவில்லை என்னும்போது 144-ஐ வைத்து என்ன செய்வது? இருந்தாலும் 24 பிட் கிடைத்தால் வாங்குங்கள் என்றே சொல்வேன். அதற்குக் காரணம் துல்லியம் இல்லை, நிம்மதி. ஒலி அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரிந்துவிடுமோ என்று பயப்படாமல், திரையில் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி அடக்கமாகப் பதிவு செய்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

யார் வீட்டுக்குப் போனாலும் நான் செய்து காட்டுகிற சோதனை ஒன்று இருக்கிறது. மைக்கைச் சொருகி, ஹெட்போனை மாட்டி, ஒலியைத் தூக்கிவிடுகிற கெயின் குமிழை முக்கால் சுற்று திருப்பி, பதிவை ஓடவிட்டு, சீலிங் ஃபேனை அணைக்க வேண்டும். இறக்கை நிற்க அரை நிமிடம் பிடிக்கும். அதுவரை திரையில் அலைவடிவம் தடித்த பட்டையாகத் தொடங்கி, மெல்ல ஒடுங்கி, கடைசியில் நூலாகும். அப்போதுதான் ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவை வரிசையாக வெளியே வரும்: சுவர்க் கடிகாரம், சமையலறை ஃப்ரிட்ஜ், கீழ் வீட்டு மோட்டார், தெருமுனையில் ரிவர்ஸ் எடுக்கும் காரின் கீச்சுக் குரல். ஐயாயிரம் ரூபாய் கார்டின் உள் இரைச்சல் இத்தனைக்கும் அடியில் கிடக்கும். அதைக் கேட்க வேண்டுமானால் இவை எல்லாவற்றையும் முதலில் வாயடைக்க வேண்டும்.

அப்படியென்றால் எந்தக் கார்டும் ஒன்றுதானா என்றால், இல்லை. பதிவின் தரத்தில் மலிவுக் கார்டுகள் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. வித்தியாசம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: கெயின், சொருகும் வாய்கள், டிரைவர் (கார்டைக் கணினியோடு பேசவைக்கிற மென்பொருள்).

கெயினில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் ஒரு சின்னத் துடிப்பு. அதைக் கணினி அளக்கிற அளவுக்குத் தூக்கிவிடுவது கார்டுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப். எவ்வளவு தூக்க வேண்டும் என்பது மைக்கைப் பொறுத்தது. ஒரே அளவு ஒலிக்கு ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் ஓடுகிற வகை) சுமார் 14 மில்லிவோல்ட் கொடுக்கும். மேடைகளில் நாம் பார்க்கிற ஷ்யூர் எஸ்எம்58 டைனமிக் மைக் (மின்சாரம் கேட்காத வகை) 1.85 கொடுக்கும். பாட்காஸ்ட் வீடியோக்களில் எல்லோர் முகத்துக்கு முன்னும் நீட்டிக்கொண்டிருக்கும் எஸ்எம்7பி வெறும் 1.12 தான். அந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷ்யூரே சொல்கிறது. ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 கார்டில் இருப்பது 56. 2023-இல் வந்த நான்காம் தலைமுறையில் 2ஐ2-வுக்கு 69 கொடுத்தார்கள், அதே வரிசையில் இருக்கும் சோலோவுக்கு 57 தான். பெயர் ஒன்று, தலைமுறை ஒன்று, ஆனால் ஒன்றில் எஸ்எம்7பி நிமிர்ந்து பேசும், இன்னொன்றில் முணுமுணுக்கும். இதெல்லாம் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்காது. நிறுவனத்தின் தளத்தில் விவரக் குறிப்பின் நடுவே "கெயின் ரேஞ்ச்" என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. மிருதங்கம், தவில், நாகஸ்வரம் பக்கத்தில் கண்டென்சரை வைத்தால் சில கார்டுகளில் கெயினை முழுக்கக் குறைத்தாலும் சிவப்பு எரியலாம். அவர்களுக்குத் தேவை அதிகக் கெயின் இல்லை, தாங்குகிற உள்வாய். சில கார்டுகளில் "பேட்" என்று ஒரு பொத்தான் இருக்கும், வரும் ஒலியைப் பத்து இருபது டெசிபல் அமுக்கிவிடும். அது இல்லாவிட்டால் கண்டென்சரை விட்டுவிட்டு டைனமிக் மைக்கை வைத்து, இரண்டடி தள்ளி உட்காரச் சொல்வதே வழி. காசு செலவில்லை.

கண்டென்சர் மைக் என்றால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். ஃபாண்டம் பவர் என்பது அதுதான், மைக் கேபிள் வழியாகவே போகும். இந்த 48 எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. 1966-இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் மைக்குகள் செய்து கொடுத்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். நார்வேயின் குளிர்கால இருட்டுக்காகப் போட்ட லைன், இன்று உலகம் முழுவதும் பதிவுக்கான கார்டுகளில் ஒரு பொத்தானாக உட்கார்ந்திருக்கிறது.

சென்னை ரிச்சி தெருவில் நூற்றுச் சொச்சத்துக்குக் கிடைக்கும் பென் டிரைவ் மாதிரியான யூஎஸ்பி சவுண்ட் அடாப்டரால் இந்த 48 வோல்ட் கொடுக்க முடியாது. பச்சை, பிங்க் என்று இரண்டு ஓட்டைகள் இருக்கும். பிங்க்கில் வருவது சில வோல்ட்தான், காலர் மைக்குக்குப் போதும். அதை வைத்துச் சுத்தமாகக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். வி8 என்ற பெயரில், கைத்தட்டல், சிரிப்புப் பொத்தான்களோடு பிஎம்800 மைக்கும் சேர்த்து செட்டாக விற்பார்களே, அது லைவ் போடுகிறவர்களுக்கானது. கடைக்காரர் "ஸ்டுடியோ செட்டு சார்" என்பார். பாட்டுப் பதிவுக்கு அதை வாங்காதீர்கள்.

இனி சொருகும் வாய்கள். எத்தனை மைக் ப்ரீஆம்ப் வேண்டும்? சினிமாப் பாட்டுக்கு கரோக்கி டிராக் போட்டுப் பாடுகிறவருக்கு ஒன்று போதும். கிட்டார், கீபோர்டு, குரல் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறவருக்கும் ஒன்று போதும், காதில் டிக் டிக் என்று தாளம் தட்டுகிற க்ளிக் டிராக் அவரைத் தாளத்தில் கட்டி வைத்துவிடும். கர்நாடக சங்கீதத்துக்கு இது நடக்காது. கீர்த்தனையைக்கூட எப்படியாவது தனித்தனியாக எடுத்து ஒட்டிவிடலாம். கல்பனா ஸ்வரத்தில் பாடகர் எந்த இடத்தில் முடித்து எங்கே எடுப்புக்கு வருவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாதபோது, மிருதங்கக்காரர் நாளை வந்து தனியாக எதற்கு வாசிப்பார்? அதனால்தான் அக்கா மகனிடம் அந்தக் கேள்வி. சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இரண்டு ப்ரீஆம்ப் கட்டாயம். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலைக்கு ஒன்று, இடது முகமான தொப்பிக்கு ஒன்று என்று ஆசைப்பட்டால் குரலோடு மூன்றாகிவிடும், விலை அடுத்த படிக்குத் தாவும். எதிரே இரண்டு மூன்று அடியில் ஒரே மைக் வைத்தாலே மிருதங்கம் மிருதங்கமாகத்தான் கேட்கும்.

இங்கே விளம்பரப் படத்தை நம்பக் கூடாது. முன்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தால் இரண்டு மைக் என்று பொருளில்லை. ஸ்கார்லெட் சோலோ, பெஹ்ரிங்கர் யூஎம்2, யூஎம்சி22 மூன்றிலும் மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் வாய் ஒன்றுதான். பக்கத்தில் இருப்பது கிட்டாருக்கானது. இரண்டு மைக் வேண்டுமென்றால் 2ஐ2, யூஎம்சி202எச்டி, எம்-ஆடியோவின் எம்-டிராக் டுயோ, ஆடியன்ட் ஈவோ 4, மோட்டு எம்2 என்று போக வேண்டும்.

அந்தக் கிட்டார் வாயையும் ஒதுக்கிவிடாதீர்கள். வீணையிலோ வயலினிலோ ஒட்டுகிற, அதிர்வை மின்துடிப்பாக மாற்றுகிற பீசோ பிக்கப்பை நேராகச் சொருக வேண்டியது அதில்தான். அங்கே உள்தடை (உள்ளே வரும் துடிப்புக்குக் கார்டு காட்டுகிற மின்தடை) ஒரு மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும். சாதாரண லைன் வாயில் அது பத்தாயிரம் ஓம் சொச்சம். அதில் பீசோவைச் சொருகினால் கீழ்ஸ்தாயி கரைந்துபோய், வீணை தகர டப்பா மாதிரி கேட்கும். வீணை வாசிக்கிற ஒரு மாமி, பிக்கப் பழுதாகிவிட்டது என்று புதிதாக வாங்கக் கிளம்பியிருந்தார். கார்டின் முகப்பில் இருந்த "இன்ஸ்ட்" பொத்தானை அழுத்திவிட்டு, "இப்ப வாசிங்க மாமி" என்றேன். கீழ்ஸ்தாயி திரும்பி வந்தது.

மூன்றாவது டிரைவர். விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன், மேக் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். விண்டோஸில் ஒலி போகிற சாதாரணப் பாதை, பாட்டு, வாட்ஸ்ஆப் மணி, வீடியோ எல்லாவற்றையும் கலந்து அனுப்புகிற பொதுப் பாதை. அதில் நீங்கள் பாடுவதற்கும் அது ஹெட்போனில் கேட்பதற்கும் நடுவே தாமதம் அதிகம். அதைச் சுற்றிக்கொண்டு போக ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த குறுக்குவழிதான் ஏசியோ. நல்ல கார்டுகள் தங்களுக்கென்று ஏசியோ டிரைவர் தருகின்றன. மிக மலிவானவை சில தருவதில்லை, ஏசியோ4ஆல் என்ற இலவசப் பொது டிரைவரைப் போட்டு ஓட்டச் சொல்கின்றன. யூஎம்2, யூஎம்சி22 இந்த வகை. ஓடும். சில கணினிகளில் முரண்டும் பிடிக்கும்.

தாமதம் எவ்வளவு என்று கணக்கே போட்டுவிடலாம். பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்குகிற அளவுகளின் எண்ணிக்கை) 256, வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 5.3 மில்லி செகண்ட். உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை, கார்டின் சொந்தத் தாமதம் கொஞ்சம் சேர்த்தால் பன்னிரண்டை நெருங்கும். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. ஆக, நான்கு மீட்டர் தள்ளி நின்று பாடுகிற இன்னொருவரைக் கேட்பதுபோல் இருக்கும் உங்கள் குரல். கீபோர்டு வாசிக்கிறவர் இதைச் சமாளிப்பார். பாடுகிறவருக்கு, தலைக்குள் எலும்பு வழியாகக் கேட்கும் குரலும் ஹெட்போன் குரலும் மோதி, சுருதி சேர்ந்ததா இல்லையா என்றே பிடிபடாது.

பாடுகிறவருக்கு இதற்கு மருந்து கார்டிலேயே இருக்கிறது: டைரக்ட் மானிட்டர். அந்தப் பொத்தானைப் போட்டால் மைக் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். தாமதம் தெரியாது. குரலும் வாத்தியமும் மட்டும் பதிவு செய்கிறவருக்குச் சொந்த ஏசியோ இல்லாத கார்டே இதை வைத்துத் தாக்குப்பிடிக்கும். கணினிக்குள் இருக்கிற பியானோவை வாசிக்கிறவர், கிட்டார் ஆம்ப் மென்பொருள் வழியாக வாசிக்கிறவர் இருவருக்கும் அது உதவாது, அவர்கள் நல்ல டிரைவருக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

தம்புரா விஷயத்தில் ஒன்று. அதை அறையில் ஒலிக்கவிடாமல் டிராக்காகப் போட்டு ஹெட்போனில் கேட்டுப் பாடினால் குரல் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் தம்புரா ஃபைல் 44.1 கிலோஹெர்ட்ஸில் இருந்து, மென்பொருள் அதை மாற்றிக்கொள்ளாமல் கார்டு 48-இல் ஓடினால் சுருதி ஏறிவிடும். ஒரு கட்டைச் சுருதி, ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கோ போய் நிற்கும். "இன்னைக்குத் தொண்டை சரியில்ல" என்று பதிவையே நிறுத்திவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். செட்டிங்கைத் திறந்து இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அப்புறம் தொண்டையைச் சந்தேகப்படுங்கள்.

யூஎஸ்பி-சி ஓட்டை இருந்தால் வேகம் என்பதும் வீண் பேச்சு. 24 பிட், 48-இல் இரண்டு சேனலுக்குத் தேவை நொடிக்கு 2.3 மெகாபிட். பழைய யூஎஸ்பி 2.0-வே 480 தாங்கும்.

ஹம் என்கிற ரீங்கார இரைச்சல் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் கார்டு மேல் வருகிற புகார்களில் பெரும்பாலானவை வீட்டு வயரிங் பற்றியவை. லேப்டாப் சார்ஜரைச் சொருகினால் "ஙொய்ங்", பிடுங்கினால் அமைதி என்றால் கார்டு நல்ல கார்டுதான். பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பேட்டரியில் பதிவு செய்யுங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கிற டிம்மர், ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இரண்டும் இதேபோல் இரையும். ஃபேனை ஸ்விட்சிலேயே அணைத்துவிட்டால் ஒரே கல்லில் ஃபேன் சத்தமும் ரெகுலேட்டர் இரைச்சலும் போயின.

விலை வாரத்துக்கு ஒன்றாக மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. அக்கா மகனுக்கு நான் சொன்னது: யூஎம்சி202எச்டி புதிதாக, அல்லது மூன்றாம் தலைமுறை 2ஐ2 செகண்ட் ஹேண்டில், எது அவன் காசுக்குள் வருகிறதோ அது. இரண்டிலும் இரண்டு ப்ரீஆம்ப், சொந்த ஏசியோ இருக்கிறது. எஸ்எம்58-ஐ வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடுகிற குரலுக்கு 2ஐ2-வின் கெயின் தாராளம். தனியாகப் பாடுகிறவனாக இருந்திருந்தால் யூஎம்சி22-வே போதும் என்று சொல்லி, மிச்சக் காசுக்கு ஹெட்போன் வாங்கச் சொல்லியிருப்பேன்.

"செகண்ட் ஹேண்ட்ல ஏமாத்திட மாட்டாங்களா மாமா?" என்றான். நேரில் போய், லேப்டாப்பையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு போனால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. கெயின் குமிழை மெதுவாகத் திருப்பும்போது ஹெட்போனில் கரகரப்பு வரக் கூடாது. யூஎஸ்பி முனையை லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும், இணைப்பு விட்டுவிட்டு வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். 48 வோல்ட் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கண்டென்சர் மைக் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போக வேண்டும், டைனமிக் மைக்கில் அது தெரியாது. ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு உள்ளதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. இன்றைய லேப்டாப்பில் அதற்கு வாயே இல்லை. அப்புறம், கார்டு விலையோடு இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கும் ஒரு மைக் ஸ்டாண்டுக்கும் காசு எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு ஸ்டாண்டுதானா, மைக் இரண்டாச்சே என்றான். மிருதங்கத்துக்குக் குட்டை ஸ்டாண்ட் வேண்டும், அதை வாசிக்கிறவனையே வாங்கச் சொல்லு என்றேன்.